காம்பராவும் வீட்டு வண்டியும்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவிலிருந்து எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் எங்கள் குடும்பம் வீட்டு வண்டியில் சென்ற ஆறு வாரப் பயணத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அதன் முதல் நான்கு நாட்களை மட்டுமே இன்று சொல்கிறேன். பார்த்த இடங்களைவிட அந்த வண்டிக்குள் வாழப் பழகியதே என் நினைவில் ஆழமாக நிற்கிறது. அந்தப் பழக்கத்தை எங்களுக்குக் கற்பித்தவர் என் அம்மா.

கல்கரியில் வசிக்கும் தங்கையும் மச்சானும் வாடகைக்கு எடுத்த வண்டி 25 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்டது. லொறியைப் போன்ற முகப்பு, அதன் பின்னால் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, கழிப்பறை, ஆறு பேருக்கான படுக்கை எல்லாம் சேர்ந்த அதனை அங்கே ஆர்.வி. என்கிறார்கள். இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசி அறையான 10க்கு 12 அடிக் காம்பராவில் எங்கள் நால்வரையும் வளர்த்தெடுத்த அம்மா, வண்டிக்குள் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம தொங்கல் காம்பராவ விட இது பெருசுதான்" என்றார். கணக்குப் பார்த்தால் அது உண்மைதான்.

வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், எங்களுடையதில் 150 லீற்றர், மற்றொன்றில் குளித்த, கழுவிய தண்ணீர் சேரும், மூன்றாவது கழிப்பறைக்குரியது. முதல் நாள் மாலை லெத்பிரிட்ஜ் நகருக்கு அருகில் தங்கியபோது, தங்கையின் பிள்ளைகள் இருவரும் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்து முடித்தார்கள். நல்ல தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டது, கழிவுத் தொட்டியும் அதே அளவுக்கு ஏறிவிட்டது. தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் இடமான பீலிக்கரையில் விடியுமுன் வரிசையில் நின்று குடம் குடமாகச் சுமந்த அம்மா, அந்த இரவிலேயே தண்ணீரின் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். எச்சில் தட்டுகளைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவ வேண்டும். சுடுதண்ணீர் வரும்வரை குழாயிலிருந்து வீணாக ஓடும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்துப் பாத்திரங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு நனைந்ததும் குழாயை மூடிவிட்டுச் சவர்க்காரம் போட வேண்டும். வண்டிப் பயணத்தில் பழகியவர்கள் கடைப்பிடிக்கும் முறைகளும் இவையே என்று மச்சான் வியந்து சொன்னார்.

இரண்டாம் நாள் காலையில் காற்று எங்களைச் சோதித்தது. கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பயணம் செய்து பழகிய எனக்கு, வளைவே இல்லாத சமவெளிச் சாலையில் பயப்பட ஒன்றுமிராது என்ற எண்ணம் இருந்தது. ஆனால் உயரமான அந்த வண்டியைப் பக்கக்காற்று தள்ளியபோது, மச்சான் வேகத்தைக் குறைத்து இரு கைகளாலும் சுக்கானைப் பிடித்தபடியே கூட்ஸ் எல்லைச் சாவடிவரை ஓட்டினார்.

சாவடியில் கடவுச்சீட்டுகளைக் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த பரம்பரையில் பிறந்து, 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே இலங்கைப் பிரஜையான அம்மா, தம் கடவுச்சீட்டை இரு கைகளாலும் நீட்டினார். அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். உணவுப் பொருட்களைப் பற்றி அதிகாரி கேட்டதும், பொதி செய்த தேயிலையையும் பச்சைக் கறிவேப்பிலையையும் மறைக்காமல் எடுத்துக் காட்டினோம். தேயிலை வண்டியிலேயே இருந்தது. கறிவேப்பிலையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் தங்கும் ஒரு சிறு பூச்சி தோடை, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் இந்தக் காரணம் எளிதில் விளங்கும். பயணம் செய்ய எண்ணுபவர்கள் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் தண்டப்பணம் கட்ட நேரிடும்.

எல்லைக்கு அப்பால் சாலைப் பலகைகளில் தூரம் மைலிலும், எரிபொருள் நிலையங்களில் விலை கலனிலும் இருந்தன. அமெரிக்கக் கலன் ஏறத்தாழ 3.8 லீற்றர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் நாள், கிரேட் ஃபோல்ஸ் நகரில், கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்தோம். கையுறை அணிந்து, தடித்த குழாயை நிலத்திலுள்ள வாயில் பொருத்தி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அதன் பிறகு குளியல் நீரைத் திறந்துவிட்டால், அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஒருவரும் முகம் சுளிக்காமல் முறைவைத்து இதைச் செய்ய வேண்டும் என்று நான் விரும்பினேன், பிள்ளைகளும் செய்தார்கள்.

நான்காம் நாள், அந்நகரின் மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள ஜயன்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊற்றைப் பார்க்கப் போனோம். நாளொன்றுக்கு 50 கோடி லீற்றருக்கும் மேலான நீர் அங்கே நிலத்திலிருந்து பொங்கி ஆற்றில் கலக்கிறது. அடியிலுள்ள பச்சைப் பாசி தெளிவாகத் தெரியும் அந்த நீரைப் பார்த்தபடி அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றார். அன்றிரவு தங்குமிடத்தின் தண்ணீர்க் குழாய் வண்டியோடு நேரடியாகவே இணைக்கப்பட்டிருந்தது. ஆனாலும், அம்மா இரண்டு போத்தல்களில் தண்ணீர் நிரப்பிப் படுக்கைக்கு அடியில் வைத்த பிறகே படுத்தார்.