பாயைச் சுருட்டும் முன்

நேயர்களுக்கு வணக்கம். ஆசனத்துக்கு எவ்வளவு நேரம், தியானத்துக்கு எவ்வளவு நேரம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். முக்கால் மணி உடம்புக்கு, கால் மணி மனசுக்கு என்று பங்கு பிரித்துத் தரச் சொல்கிறார்கள். அந்தப் பங்குதான் தொல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரங்களை 195 என்றோ 196 என்றோ எண்ணுவார்கள். அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே. அசையாமல், சுகமாக இருப்பதே ஆசனம் என்கிறார். உட்காரத்தான் ஆசனம்!

என் வகுப்புக்கு வந்த ஒருவர், தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் மூன்று நிமிடம் ஆடாமல் நிற்பார். கண்ணை மூடி உட்காரச் சொன்னால் நான்காவது நிமிடமே கணுக்காலைத் தடவ ஆரம்பித்துவிடுவார். கட்டைவிரல் பக்கத்து விரலின் நகத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். "மனசு நிக்கவே மாட்டேங்குது சார்" என்பார். நானும் பல மாதம் மனசுக்கே வைத்தியம் சொன்னேன். ஒருநாள் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். முழங்கால் இரண்டும் இடுப்பைவிட உயரத்தில் இருந்தன. கீழ்முதுகு கூன் போட்டு, முகவாய் முன்னே நீட்டியிருந்தது. போர்வையை நாலாக மடித்து, அதன் விளிம்பில் உட்கார வைத்தேன். முழங்கால் இறங்கியது, முதுகு தானாக எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டைவிரல் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு, மனசு என்று நாம் பழி போடுவதில் பாதி இடுப்பின் இறுக்கம். திரும்பவும் சொல்கிறேன், இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்கட்டும். மூட்டு வலி இருந்தால் நாற்காலி போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆசனமே செய்யாமல் எடுத்த எடுப்பில் தியானத்தில் உட்காருகிறவர்களுக்குத் தூக்கம் வரும். உட்காரும் முன் பத்து நிமிடம் உடம்பை அசைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், கடைசியில் மல்லாந்து படுத்திருக்கும் சவாசனத்தில் இருந்து எழுந்ததும் கை போனுக்குப் போகிறது. அந்த இரண்டு நிமிடம் உடம்பு தளர்ந்து, மூச்சு மெதுவாகி, தியானத்துக்குத் தயாராக இருக்கும் நேரம். பாயைச் சுருட்டாதீர்கள். வலப்பக்கம் சாய்ந்து எழுந்து, அங்கேயே உட்காருங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மூச்சைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். அடக்கிப் பிடிக்க வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. வணக்கம்.