மீன் இல்லாத ஆறு வாரங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், என்ன மீன் வளர்க்கப் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. ஆறு வாரம் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு உங்களால் உட்கார்ந்திருக்க முடியுமா என்றுதான் கேட்பேன். பலரும் சிரித்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

என் முதல் தொட்டியில் ஒரு சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி உப்பைக் கரைத்தேன். மறுநாள் தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. "தெளிந்துவிட்டதா? அப்படியானால் மீன் விடலாம்" என்றார் விற்றவர். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டை வாங்கி விட்டேன். வியாழக்கிழமை காலை ஒன்று நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் இரண்டும் போய்விட்டன. தண்ணீர் மட்டும் அப்போதும் பளிங்காகவே இருந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

அந்த மீன்களைக் கொன்றது அவற்றின் கழிவு. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. கடலில் அது இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. அம்மோனியாவுக்கு நிறமும் கிடையாது. தண்ணீரைக் கலங்கச் செய்வதும் கிடையாது. போதாக்குறைக்குக் கடல்நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். ஏறத்தாழ 8.2. காரம் கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நன்னீர்த் தொட்டியில் ஒருவாறு தப்பிக்கும் பிழை இங்கே தப்பாது.

இந்த நஞ்சை முறிப்பவை சில பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அந்த நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; மிஞ்சுவதை அவ்வப்போது தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த நுண்ணுயிர்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் நுண்ணுயிரியல் அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. வெயிலும் வேண்டாம், வேறு உணவும் வேண்டாம், அம்மோனியாவிலிருந்தோ நைட்ரைட்டிலிருந்தோ கிடைக்கும் சொற்ப ஆற்றலை வைத்தே உடம்பை வளர்த்துக்கொள்ளும் உயிர்கள் இவை. வருமானம் அவ்வளவு குறைவு என்பதால்தான் பெருக்கமும் மந்தம். சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரண்டாகும்; இவை இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். நாம் காத்திருக்கும் வாரங்கள் அத்தனையும் இந்தக் கணக்கிலிருந்து வருபவை. தொட்டிக்காரர்கள் இதை 'சைக்கிளிங்' என்கிறார்கள். நைட்ரஜன் சுழற்சி தொட்டிக்குள் நிலைபெறுவதைச் சொல்கிறார்கள், மிதிவண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த விவரமெல்லாம் தெரியாத காலத்திலேயே ஒரு பெண்மணி கடல் உயிர்களை வீட்டில் வளர்த்திருக்கிறார். 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அன்னா தின் என்பவர், கடற்கரையில் எடுத்த பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமே? சன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆற்றுவது அவருடைய பணிப்பெண்ணின் அன்றாட வேலையாயிற்று. பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பெருமை எசமானிக்கு, கைவலி பணிப்பெண்ணுக்கு. இன்று அந்த வேலையை உள்ளங்கை அளவு மோட்டார் செய்துவிடுகிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். சிறியதில் தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் சிறு தவறும் பெரிதாகிவிடும். 100 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். அந்தத் தண்ணீர் மட்டுமே 100 கிலோவுக்கு மேல் எடை, பாறையும் கண்ணாடியும் தனி. அதனால் தாங்கும் மேசையை முதலில் பாருங்கள். மின்கம்பி எதுவானாலும் சுவிட்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறட்டும். கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பாறைகளை அடித்தளத்தில் அசையாமல் அமர்த்திவிட்டு, அதன் பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் பாறை வைத்தால், என்றாவது ஒரு மீன் அடியைத் தோண்டும், பாறை சரிந்து கண்ணாடியில் மோதும். பாறை நுண்துளைகள் நிறைந்ததாக இருக்க வேண்டும். அழகு அப்புறம், பாக்டீரியாக்கள் குடியிருக்கப் போகும் வீடு அதுதான். அவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிடப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். தண்ணீரை மாற்றினால் பாக்டீரியா போய்விடுமே என்று கவலைப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், செப்புக் குழாயிலிருந்து கரைந்த செம்பும் இருக்கலாம். மீன் தாங்கும் அளவுச் செம்பு நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரே நல்லது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடலுப்புக் கலவை தேவைப்படும். சமையல் உப்பு உதவாது. அதில் கால்சியமும் மக்னீசியமும் கடலின் அளவில் இல்லை. தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சில தாதுக்கள் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். ஒரு நாள் சுழலவிட்டு, உப்பின் அளவைக் காட்டும் ஒளிவிலகல்மானியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். ஒப்படர்த்தி, அதாவது நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025 காட்ட வேண்டும். வெப்பநிலை 25, 26 டிகிரி செல்சியஸ் போதும்.

இனி பாக்டீரியாவுக்குத் தீனி. முன்பெல்லாம் முரட்டு மீன் ஒன்றை விட்டு, அதன் கழிவிலேயே தொட்டியைப் பழக்குவார்கள். அது பிழைத்தாலும் செவுள் வெந்துதான் பிழைக்கும். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அம்மோனியம் குளோரைடு கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும் அளவில் விட்டால் போதும், ஓர் உயிரும் துன்பப்படாது. பழைய தொட்டியிலிருந்து ஒரு பாறைத் துண்டோ, புட்டியில் விற்கும் பாக்டீரியாவோ சேர்த்தால் வேகம் கூடும். விளக்கை அணைத்தே வையுங்கள். இப்போது வெளிச்சத்தால் பயன்பெறுவது பாசி ஒன்றுதான்.

பிறகு சோதனைக் குழாய்தான் உங்கள் கண். 5 மில்லி தண்ணீர், எண்ணிவிடும் சில சொட்டு மருந்து, குலுக்கல், ஐந்து நிமிடம். வெள்ளைத்தாள் ஒன்றைப் பின்னால் பிடித்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். என் சோதனைப் பெட்டியில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை என்றால் இருக்கிறது. முதல் பத்து நாள் பாசிப்பச்சை அசையவே இல்லை. விளக்கடியில் ஒருமுறை, சன்னலருகில் ஒருமுறை என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பதினோராம் நாள் சற்று வெளிறியது. பதினைந்தாம் நாள் எலுமிச்சை மஞ்சள். துள்ளிக் குதித்து நைட்ரைட்டைச் சோதித்தால், கருநாவற்பழ நிறம்! முதல் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது, இரண்டாவது கூட்டம் வழியில் இருக்கிறது என்று பொருள். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். நைட்ரைட் உச்சத்தில் இருக்கும்போது நைட்ரேட் சோதனையை நம்பாதீர்கள். அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

காத்திருக்கும் நாட்களில் நான் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்க இறங்க, உப்புநீரையே ஊற்றி நிரப்பினேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். 100 லிட்டரில் நாளுக்கு ஒரு லிட்டர் வற்றி, அதை உப்புநீரால் ஈடுசெய்தால் பத்தே நாளில் 35 கிராம் 38.5 ஆகிவிடும். வற்றியதற்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பது கடல்மீனுக்கு அப்படியே பொருந்தும்: சுற்றியுள்ள உப்பு அதன் உடல்நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், அது ஓயாமல் கடல்நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியே தள்ளுகிறது. உப்பு கூடினால் அந்த உழைப்பும் கூடும்.

முப்பத்தெட்டாம் நாள் மீண்டும் 2 மில்லிகிராம் அம்மோனியா விட்டேன். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தபோது அம்மோனியா பூச்சியம், நைட்ரைட் பூச்சியம், நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தது. தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றினேன். அன்றே மீன் வாங்கவில்லை. வாங்கினாலும் தொட்டி நிறைய வாங்கக் கூடாது. தீனி எவ்வளவோ அவ்வளவுதான் பாக்டீரியாவும். திடீரென்று பத்து மீன் வந்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஒன்றிரண்டாக, சில வார இடைவெளி விட்டு, வேறு தொட்டியில் தனியே வைத்து நோய் பார்த்த பிறகே விட வேண்டும்.

அதற்குள் கண்ணாடியெங்கும் பழுப்புப் பொடி படர்ந்திருந்தது. டயாட்டம் என்னும் நுண்பாசி; புதுத் தொட்டிகளில் வந்து தானாகவே போகும். அதற்காக மூன்று நத்தைகள் வாங்கி விட்டேன். இரவு விளக்கொளியில் பார்த்தபோது ஒன்று கண்ணாடியில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அதன் வாய் திறந்து மூடும்போதெல்லாம் பழுப்பில் ஒரு சிறு துண்டு காணாமல் போனது. அது போன வழியில் விரல் அகலத்துக்குக் கண்ணாடி துலங்கியது. அந்த இடுக்கில் கண் வைத்து, உள்ளே பாறையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நன்றி, வணக்கம்.