நேற்றைய கதைக்குச் சாட்சிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, குடந்தையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களைப் படிப்பதால் இன்றைய வாசகர் பெறுவது தெளிவா, ஏக்கமா என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. தெளிவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் வால்வு ரேடியோ, இன்லண்டு கடிதம், டிரங்கு கால், கரி எஞ்சின் இழுத்து வந்த ரயில், திண்ணையில் கிடக்கும் சாய்வு நாற்காலி என்று ஒரு பட்டியலை அழகாக வாசித்து, இந்த நாவல்களைப் படிப்பவர் பழம்பொருள் கண்காட்சிக்குள் நுழைந்துவிட்டு வெளியே வர மனமில்லாமல் நிற்பவர் என்று முடித்தார். அவையும் கைதட்டியது. அவர் சொன்னது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட நாவல்கள் இருக்கின்றன. பக்கத்துக்குப் பத்துப் பழைய பொருள்களை அடுக்கிவிட்டால் காலம் தானாக வந்துவிடும் என்று நம்பி எழுதப்பட்டவை அவை. ஆனால், மோசமாக எழுதப்பட்டதை எடுத்துக்காட்டி ஒரு வகையையே தள்ளுவதென்றால் கவிதையையும் தள்ளவேண்டும், மன்னிக்கவேண்டும், பட்டிமன்றத்தையும் தள்ளவேண்டும்.

நடுவர் அவர்களே, இந்த நாவல்களுக்கு மட்டுமே உரிய ஒரு தன்மையை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பழையாறை. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நம்மை அந்தப் பழையாறைக்கு அழைத்துச் செல்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்த வந்தியத்தேவனைப் பார்த்து, “அந்தக் குதிரை அந்த நிறமில்லை, நான் நேரில் பார்த்தேன்” என்று சொல்ல இந்த அவையில் ஒருவரும் இல்லை. சோழர் காலத்தை எழுதுபவருக்கு அந்த அளவில் விடுதலை உண்டு. ஆனால் 1968-ஐ எழுதுபவருக்கு அந்த விடுதலை கிடையாது. அவருடைய கதைக்குச் சாட்சிகள் இதோ முன்வரிசையில் அமர்ந்து நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேத்தி நாவலில் படித்ததைப் பாட்டியிடம் கேட்கிறாள். பாட்டி “அப்படியெல்லாம் இல்லை” என்கிறார். தாத்தா “அப்படித்தான் இருந்தது, உனக்கு மறந்துவிட்டது” என்கிறார். எழுத்து, நினைவு, சாட்சி ஆகிய மூன்றும் மோதிக்கொள்ளும் இந்த வாய்ப்பு தொலைவான காலத்து நாவலுக்கும் இல்லை, இன்றைய நாவலுக்கும் இல்லை. இதை நான் குறுக்கு விசாரணை என்பேன். குறுக்கு விசாரணை நடக்கும் இடத்தில் ஏக்கம் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய செய்தியும் அல்ல. வால்டர் ஸ்காட் 1814-இல் தம் முதல் நாவலை வெளியிட்டபோது, அது அறுபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கதை என்று தலைப்பிலேயே அறிவித்தார். டால்ஸ்டாய் ‘போரும் அமைதியும்’ நாவலில் 1812-ஆம் ஆண்டின் பொரொதினோ போரை எழுதியபோது, அந்தப் போரில் ஒரு காலை இழந்த நோரவ் என்ற முதியவர் உயிரோடு இருந்தார். அவர் நாவலைப் படித்துவிட்டு ஏங்கிக் கண்ணீர் விடவில்லை. நாங்கள் போரிட்டது இப்படியில்லை என்று 1868-இல் மறுப்பே எழுதி வெளியிட்டார். அண்மைக் காலத்தை எழுதிய நாவல் ஒரு சாட்சியை எழுந்து நின்று பேசவைத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். எதிரணியினர் அஞ்சுகிற அந்த ஏக்கம் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்தால், அது நாவலில் அல்ல, நம் வீட்டுக் கூடத்தில்தான். “அந்தக் காலத்தில் முப்போகம் விளைந்தது, களத்தில் நெல் மலையாகக் குவிந்து கிடந்தது” என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அந்த நெல்லை யார் அறுத்தார்கள், கூலியை நெல்லாக அளந்தபோது மரக்கால் யாருடைய கையில் இருந்தது, தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்று நாம் சொல்வதில்லை. பண்ணையாள்களைப் பாதுகாக்க 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதையும் சொல்வதில்லை. குடும்ப நினைவு நல்லது. ஆனால் அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளும். நல்ல நாவல் அது விட்டுவிட்டதைத் தேடிப் போகிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நெற்கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் பின்னணியில் நடந்த கொடுமை அது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. வழக்குக் கட்டு மூடப்பட்டது. நம் கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி அந்தக் கொடுமையை வைத்து எழுதிய ‘குருதிப்புனல்’ 1975-இல் வெளிவந்தது. 1977-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. நிலவுடைமையாளரின் கொடுமைக்கு அவருடைய தனிப்பட்ட உடற்குறையில் வேர் தேடியது அந்த நாவல். கூலிக்கான போராட்டத்தை ஒரு தனிமனிதனின் மனநோயாகச் சுருக்கலாமா என்று இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாகக் கேட்டார்கள். அந்த இரவு நடந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1999-இல், சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதினார். அதே இரவை நோக்கித்தான் அதுவும் நகர்கிறது. ஆனால் கதை நிற்கும் இடம் வேறு. உழைக்கும் மக்களின் சேரிக்குள் நின்று, அவர்கள் பேசும் கீழத்தஞ்சைப் பேச்சிலேயே அது சொல்லப்படுகிறது.

வரலாறு வேண்டுமென்றால் வரலாற்று நூலைப் படிக்கலாமே, நாவல் எதற்கு என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். கூலி விகிதமும் தீர்ப்பின் தேதியும் வரலாற்று நூலில் கிடைக்கும், அவை கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் இருபது வயது வாசகர், கொடுமை ஒரு மனிதனின் இயல்பிலிருந்து வந்ததா, நிலம் பிரிக்கப்பட்டிருந்த முறையிலிருந்து வந்ததா என்று தாமே எடைபோட்டாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அந்த வேலையை அவருக்காக வேறு யாரும் செய்துகொடுக்க முடியாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். தஞ்சைத் தரணியில் நின்றுகொண்டு தண்ணீரைப் பேசாமல் இறங்கினால் நீங்களே என்னை விடமாட்டீர்கள். காவிரி நீர்ப்பங்கீடு பற்றி 1924-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுக் காலம் 1974-இல் முடிந்தது. மேட்டூர் அணை 1934 முதல் இருக்கிறது. ஜூன் 12-இல் அணை திறந்தால் குறுவை என்பது நாம் பழகிய கணக்கு. 1972-இல் நிகழும் ஒரு டெல்டாக் கதையை நினைத்துப் பாருங்கள். அதில் வரும் குடியானவர் வரப்போகும் குறுவையை நம்பிக் கடன் வாங்குகிறார், தை அறுவடையை நம்பி மகளுக்கு நாள் குறிக்கிறார். ஆறு வராமல் போகும் என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் வரப்போகிறது, 2007-இல் இறுதித் தீர்ப்பும் 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வரப்போகின்றன என்பது படிக்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் பேசாமல் விட்டது நமக்கு உறைக்கிறது. அதற்கடுத்து வரும் கேள்வி சங்கடமானது: இன்று நாம் எதைப் பற்றிப் பேசாமல், அது எப்போதும் இருக்கும் என்று நம்பி நாள் குறித்துக்கொண்டிருக்கிறோம்? தன் காலத்துக் குருட்டுப்புள்ளியை ஒருவர் நேராகப் பார்க்க முடியாது. முந்தைய தலைமுறையின் குருட்டுப்புள்ளியைப் பார்த்துத்தான் தனக்கும் ஒன்று இருக்கவேண்டும் என்று ஊகிக்க முடியும்.

எழுத்தாளர் தவறு செய்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். 1982-க்குப் பிறகுதான் மாயூரம் மயிலாடுதுறை ஆனது. 1970-இல் நடக்கும் கதையில் ரயில் நிலையப் பலகையில் மயிலாடுதுறை என்று எழுதியிருந்தால், இந்த அவையிலேயே பத்துப் பேர் சிரிப்பீர்கள். சிரிப்பதோடு விடமாட்டீர்கள், அந்த நிலையம் அப்போது எப்படி இருந்தது, எந்த வண்டி எங்கே நின்றது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் தொடங்குவீர்கள். நாவல் பிழையாக இருந்தாலும் சாட்சிகள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கெடுவாய்ப்பாக அந்தச் சாட்சிகள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். ஆகவே இந்த வகை நாவலைப் படிக்கவேண்டிய காலம் அவர்கள் இருக்கும்போதுதான்.

நடுவர் அவர்களே, எனக்கான நேரம் முடிகிறது என்று மணி சொல்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவியிடம் ஒன்று மட்டும் கேட்டு அமர்கிறேன். அம்மா, நீங்கள் ‘குருதிப்புனல்’ படித்திருப்பீர்கள், ‘செந்நெல்’ படித்திருப்பீர்கள். இரண்டையும் படித்து முடித்தபின் 1968-ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போய் வாழவேண்டும் என்று உங்களுக்கு ஏக்கம் வந்ததா? வந்ததென்றால் இந்த மேடையில் சொல்லுங்கள். வரவில்லையென்றால் எங்கள் அணியில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.