மாடியில் விழும் மழை எங்கே போகிறது?

பெரியோர்களே, குடியிருப்போர் சங்க நண்பர்களே, வணக்கம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் காலைக் காபியோடு ஏரிக் கணக்கும் ஆரம்பமாகிவிடும். செம்பரம்பாக்கம் எத்தனை அடி, புழலில் எவ்வளவு, பூண்டிக்குக் கிருஷ்ணா தண்ணீர் வந்ததா? டிவியில் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. கூடவே, நம் மொட்டை மாடியில் கொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேட்போம். அதற்கு நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடி. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. மாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இருபத்தைந்து வீட்டு மாடிகளில் ஓராண்டில் மிஞ்சுவதும் அவ்வளவுதான்!

மாடித் தண்ணீரைக் குழி வழியே நிலத்துக்குள் இறக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே இந்த மாநிலத்தில் கட்டாயமாகிவிட்டது. அன்று அவசரமாகத் தோண்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. சட்டம் குழி தோண்ட வைத்தது. அதைத் தூர்வார யாரும் வரமாட்டார்கள்.

சோதிப்பது எளிது. குழியில் பத்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் மேல்மணல் அடைத்துவிட்டது. மாடித் தூசியும் காய்ந்த இலையும் குழைந்து மணல்மேல் ஏடு மாதிரி படிந்துவிடும். அதை மட்டும் வழித்தெடுத்து, புது மணல் போட்டால் போதும். மூன்றடிச் சதுரம், மூன்றடி ஆழக் குழி என்றால், அடியில் ஓரடிக்கு 40 எம்எம் ஜல்லி, அதன்மேல் அரையடிக்கு 20 எம்எம் ஜல்லி, மேலே அரையடி மணல். மிச்ச ஓரடியைக் காலியாக விடுங்கள். பெருமழையில் தண்ணீர் நிற்க இடம் வேண்டும். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை விரிக்க மறக்காதீர்கள். வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும், பிறகு குழி முழுவதையும் வாரவேண்டி வரும்.

மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல் பூமிக்கு இந்தக் குழியே போதும். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் களிமண். வெறும் குழி தொட்டியாகிவிடும். குழியின் நடுவே ஆறு அங்குல போர் போட்டு, களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும் வரை இறக்கி, ஜல்லி நிரப்ப வேண்டும். பழைய கிணறு இருந்தால் மூடாதீர்கள், அதைவிட நல்ல குழி கிடையாது. ஆனால் வடிகட்டாமல் அதில் விடக் கூடாது.

பருவத்தின் முதல் மழையை உள்ளே விடாதீர்கள். மாடிக் குழாயில் ஒரு 'T' வடிவ இணைப்பும் மூடியும் வைத்து, அந்த அழுக்கை வெளியேற்றிவிட்டு மூடியைப் போடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாடிக் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்துவிடும் வழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. அந்தக் குழாய்கள் மழைநீரைத் தாங்கும் அளவில் போடப்பட்டவை அல்ல. கொட்டுகிற மழையில் மேன்ஹோல் பொங்கித் தாழ்வான வீட்டின் கழிவறை வழியே திரும்பி வரும். அது பக்கத்து வீட்டுக்குச் செய்கிற துரோகம்.

வார்டுக்குள் பகுதிவாரியாக மக்களைக் கூட்டிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு வார்டு உறுப்பினர் வரும்போது, தெருவின் மழைநீர் வடிகால் எந்த மாதம் தூர்வாரப்படும் என்று கேளுங்கள். அதற்கு முன், உங்கள் அபார்ட்மென்ட் பராமரிப்புக் கணக்கில் லிப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அடுத்த வரியாக 'செப்டம்பர்: மழைக்குழி சுத்தம், மணல் மாற்றம்' என்று எழுதிவிட்டுப் போங்கள்.