காயமே இல்லாமல் ரத்தம் ஏன் உறைகிறது?

(காட்சி: கெண்டைக்காலின் ஆழ்சிரை. உள்ளே ஒரு வால்வு.)

கை அறுபட்டால் ரத்தம் உறைகிறது. சரி, அது புரிகிறது. பல நாள் படுக்கையில் கிடந்தவரின் காலுக்குள், ஒரு கீறல்கூட விழாத சிரையில், ரத்தக் கட்டி எங்கிருந்து வந்தது?

இந்த வால்வை நெருங்கிப் பாருங்கள். இதழ் போன்ற மடிப்பு, அதன் பின்னால் ஒரு சின்னப் பை. நடக்கும்போது கால் தசை இறுகி, பையில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடும். அசையாமல் கிடந்தால் அதே ரத்தம் அங்கேயே சுழலும், அதில் ஆக்சிஜன் குறையும். உடனே சிரையின் உள்சுவர் செல்கள் பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதத்தை வெளியே நீட்டுகின்றன. கிருமி எதுவும் இல்லை. ஆனாலும் இது அழற்சிதான்.

அந்தப் பக்கமாக வரும் வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி, உருண்டு, நின்றுவிடுகின்றன. அவற்றில் மோனோசைட்டுகள் என்ற வகை 'டிஷ்யூ ஃபேக்டர்' என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் ஏந்துகிறது. வழக்கமாக அது ரத்தக்குழாய்க்கு வெளியே இருப்பது. காயம்பட்டால்தான் ரத்தம் அதைத் தொடும், தொட்டால் உறையும். இங்கே வெள்ளை அணுவே அதை ரத்தத்துக்குள் கொண்டுவந்துவிட்டது! ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது, அதனால் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னத் தொடங்குகின்றன.

(காட்சி: நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு, மெதுவான ஓட்டத்தில்.)

எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான். நியூட்ரோஃபில் தன் உட்கருவைக் கலைத்து, சுருண்டிருந்த டிஎன்ஏவை அப்படியே வலையாக வெளியே வீசுகிறது. 2004-இல் இதை முதன்முதலில் விவரித்தவர்கள், பாக்டீரியாவைப் பிடித்துக் கொல்லும் வலையாகத்தான் கண்டார்கள். அது ரத்தக் கட்டியைத் தாங்கும் சாரமாகவும் நிற்கும் என்பது 2010-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அதில் சிக்குகின்றன. வலையில் இருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் தட்டணுக்களை மேலும் தூண்டுகின்றன. ஃபைப்ரினைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதியால் டிஎன்ஏவை வெட்ட முடியாது.

அறுவை சிகிச்சை, கடும் தொற்று, புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு ரத்தக் கட்டி அதிகம் வருவதில் அழற்சிக்கும் பங்கு உண்டு.

அப்புறம், கட்டியைச் சுத்தம் செய்வதும் வெள்ளை அணுக்களே. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கட்டி வளராமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருப்பதை மோனோசைட்டுகளும், அவற்றிலிருந்து உருவாகும் மேக்ரோஃபேஜ்களும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அகற்றும். அந்த வேலையின்போது சிரைச் சுவர் தழும்பேறி, வால்வு கெட்டுப்போவதும் உண்டு. கட்டி போன பிறகும் சிலருக்குக் கால் வீக்கம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது அதனால்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.