நெருஞ்சியும் எதிர்க்காற்றும்

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியை சைக்கிளில் கடந்த அனுபவத்தைப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கால் வலிக்கலையா?" கால் நாலாம் நாளே பழகிவிட்டது. கடைசிவரை பழகாதது காற்று.

மேற்கே நார்ஸ்மன், கிழக்கே கடலோரத்தில் செடுனா. நடுவில் சுமார் 1,200 கிலோமீட்டர், ஐர் நெடுஞ்சாலை. முழுக்கத் தார் போட்டு முடித்ததே 1976-இல்தான். நல்லார்போர் என்றால் லத்தீனில் 'மரமில்லாத' என்று பொருள். நல்லார் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் மழை என்போம் நாம். இங்கே பெயரிலேயே நல்லார் இருக்கிறார், மழையைத்தான் காணோம். பெய்கிற கொஞ்சமும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். ஆறு கிடையாது. நிலத்தடி நீரும் உப்பு.

ஆகவே பயணம் முழுக்கத் தண்ணீர்க் கணக்குதான். பெட்ரோல், சாப்பாடு, படுக்கை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் ரோடுஹவுஸ்கள் வழியில் உண்டு. பல்லடோனியாவை விட்டால் அடுத்தது கைகுனா, 182 கிலோமீட்டர். அதில் 146.6 கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை. 12 லிட்டர் ஏற்றினேன், அதாவது 12 கிலோ. குளிர்காலம் என்பதால் அது போதும். பின்காற்று இருந்தால் ஒன்றரை நாள், எதிர்க்காற்று என்றால் மூன்று நாள். குளிர்காலத்தில் மேற்குக் காற்றுதான் அதிகம் என்று நம்பித்தான் மேற்கிலிருந்து புறப்பட்டிருந்தேன்.

முதல் நாள் காற்று தள்ளிக்கொண்டே போனது. மறுநாள் காலை அப்படியே திரும்பிவிட்டது. மணிக்கு 8 கிலோமீட்டர். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். வளைகிற சாலையில் காற்று கொஞ்ச நேரமாவது பக்கவாட்டில் அடிக்கும், மூச்சு விடலாம். நேர்சாலையில் அந்தச் சலுகை இல்லை. மதியம் இறங்கி, சைக்கிளைப் படுக்கப் போட்டு, அதன் பக்கத்தில் நானும் படுத்துவிட்டேன். ஈக்கள் மட்டும் உற்சாகமாக இருந்தன.

ரோடு டிரெயின் என்பது பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி. 30 மீட்டருக்கு மேல் நீளம். எதிரே வந்தால் காற்றை முகத்தில் அறையும், பின்னால் வந்து கடந்தால் தன் பக்கம் இழுக்கும். கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் லாரி தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் சரளையில் இறங்கிவிட வேண்டும்.

அப்படி இறங்கிய இடத்தில்தான் டயர் பஞ்சர். முள்ளைப் பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி! சிறுவயதில் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் காலில் குத்திய அதே நெருஞ்சி. இவ்வளவு தூரம் வந்து ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் அதே டயரில் இன்னும் இரண்டு ஊர்க்காரர்கள்.

தார், கண்ணாடி, ரோடுஹவுஸ் எதுவும் இல்லாமல் 1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் மேற்கே கூல்கார்டியிலிருந்து கிழக்கே அடிலெய்டுக்கு 31 நாளில் சைக்கிளில் போயிருக்கிறார். கையில் ஒரு தண்ணீர்ப் பை, வழிகாட்ட தந்திக் கம்பம். அவர் புறப்பட்டது நவம்பரில், அங்கே வெயில் ஏறும் காலம். தைரியத்தை மெச்சுகிறேன், மாதத்தை மெச்ச மாட்டேன்.

கைகுனா பக்கம் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். மாநில எல்லை தாண்டியதும் இன்னொரு முக்கால் மணி. கிழக்கே போகிறவனுக்கு இந்த வகையில் கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் நஷ்டம்.

செடுனாவுக்குக் கொஞ்சம் முன்னால், கேரவனில் வந்த ஒரு வயதான தம்பதி வண்டியை நிறுத்தி ஒரு பை ஆரஞ்சு கொடுத்தார்கள். நெகிழ்ந்துபோனேன். அவர்கள் கிளம்பிய பிறகுதான் பலகையைப் பார்த்தேன்: பழ ஈ தடுப்புச் சோதனைச்சாவடி, பழங்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை. சரி என்று சாலையோரம் உட்கார்ந்து ஒன்பது ஆரஞ்சையும் தின்று முடித்தேன். சோதனை அதிகாரி என் தாடியைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை.