மஞ்சள் பட்டையை அழுத்துவதற்கு முன்

[காட்சி: தேக்கா. மாடியில் ஒரு சிறு அலுவலகம். மடிக்கணினித் திரையில் ‘கொட்டேஷன்’ என்ற வேர்ட் கோப்பு.]

தீபாவளி நெருங்கினால் நம் கடைகளுக்கு எத்தனை கொட்டேஷன், எத்தனை இன்வாய்ஸ் வரும்! வந்ததும் திறந்துவிடுகிறோம். வெறும் எழுத்துதானே என்ற நினைப்பு. ஆனால் அந்தக் கோப்பு வழியாக இணையத் திருடனும் கணினிக்குள் நுழையலாம்.

[காட்சி: கோப்பின் பெயர் முடிவில் உள்ள டாக்எக்ஸ் அழிந்து, ஜிப் என மாறுகிறது.]

இப்போது திறந்து பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டியாய்ப் பல கோப்புகள். அதில் ஒன்று, வெளியிலிருந்து எதை எடுத்துவர வேண்டும் என்ற முகவரிகளை வைத்திருக்கும். 2022 மே மாதம் வெளிப்பட்ட ஃபொலினா தாக்குதல் இந்த வழியில்தான் வந்தது. கோப்பு ஓர் இணையப் பக்கத்தை இழுத்தது. அந்தப் பக்கம் விண்டோஸின் பழுது கண்டறியும் கருவியையே ஏவி, திருடன் சொன்னதைச் செய்ய வைத்தது. மேக்ரோ, அதாவது கோப்புக்குள் வைக்கும் குட்டி நிரல், எதுவும் தேவைப்படவில்லை. வேர்டில் திறக்கும் இன்னொரு வகையான ஆர்டிஎஃப் கோப்பாக இருந்தால் திறக்கக்கூட வேண்டாம், முன்னோட்டத்தில் தெரிந்தாலே போதும். ஜூன் 14ஆம் தேதிதான் அதற்குத் திருத்தம் வந்தது.

திருடன் நுழைந்த இன்னொரு ஓட்டை, வேர்டில் கணிதச் சமன்பாடு எழுதும் பழைய கருவி. எழுத்துருவின் பெயருக்கு அது ஒதுக்கிய இடம் சிறியது. நீளமான பெயரைக் கொடுத்தால், உழக்கில் படி அரிசியைக் கொட்டியதுபோல் வழியும். வழிந்த இடத்தில் திருடனின் கட்டளை உட்கார்ந்துகொள்ளும். அதன் நிரல் கோப்பு உருவானது 2000இல். ஓட்டையை அடைத்தது 2017 நவம்பரில். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே ஓட்டையில் புகுந்தார்கள். அப்டேட் செய்யாத கணினிகள் அவ்வளவு இருந்தன! எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இதுதான்.

[காட்சி: வேர்டில் ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட்’, ‘அப்டேட் ஆப்ஷன்ஸ்’, ‘அப்டேட் நவ்’.]

சரி, இதை இன்றே செய்துவிடுங்கள். ஆஃபிஸ் 2016, 2019 வைத்திருப்பவர்கள் புதியதற்கு மாறுங்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அவற்றுக்கான ஆதரவு முடிந்துவிட்டது.

[காட்சி: வேர்டில் கோப்பின் மேலே மஞ்சள் பட்டை. அதில் ‘எனேபிள் எடிட்டிங்’ பொத்தான்.]

இந்தப் பட்டை இருக்கும்வரை கோப்பு படிக்க மட்டுமே திறந்திருக்கும். கொட்டேஷனைப் படிக்க இதை அழுத்தவே வேண்டாம். “அழுத்தினால்தான் தெரியும்” என்று கோப்பே கெஞ்சினால் சந்தேகப்படுங்கள். அனுப்பியவருக்குப் போன் போட்டு, “அண்ணே, நீங்கதான் அனுப்பினீங்களா?” என்று கேளுங்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு.

அழுத்திவிட்டீர்களா? உடனே வைஃபையைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அப்புறம், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் அவசர உதவிப் பிரிவான சிங்செர்ட்டுக்குத் தெரிவியுங்கள்.